சுற்றுகிற பாகமே இல்லாத கணினி: அப்பாவின் மேசைக்காகச் செய்தது

அப்பாவின் மேசையில் இப்போது இருக்கிற கணினியில் சுற்றுகிற பாகம் எதுவும் கிடையாது. காற்றாடி இல்லை, சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் இல்லை. 2025 ஏப்ரலில் ஆரம்பித்த வேலை. குடியாத்தம் வெயிலை ஒரு கோடை முழுக்கத் தாங்கி நின்ற பிறகு எழுதலாம் என்று காத்திருந்து இப்போது எழுதுகிறேன்.

அப்பா தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று என்று தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் அவரிடம்தான் வருவார்கள். சில வருஷமாகக் காதில் மெஷின் போட்டிருக்கிறார். காது மெஷின் எதிரே இருப்பவர் பேச்சை மட்டும் கூட்டித் தருவதில்லை. பக்கத்தில் விடாமல் ஓடும் காற்றாடிச் சத்தத்தையும் சேர்த்தே கூட்டித் தரும். பழைய கணினியில் இரண்டு காற்றாடிகள், ஒன்று பிராசசர் மேல், ஒன்று கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில். அதை ஓட விட்டால் அப்பா மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டைப் செய்வார். எதிரே உட்கார்ந்திருப்பவர் சர்வே நம்பரைச் சொன்னால் கேட்காது. ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்வார். எழுதத் தெரியாதவர்கள்தானே பெரும்பாலும் மனு எழுத வருகிறார்கள்? அந்த இடத்தில்தான் இந்த வேலை தொடங்கியது. அமைதியான கணினி என்பது எங்கள் வீட்டில் சொகுசுக்காகக் கேட்டது இல்லை.

இடமும் ஒரு பிரச்சினை. மேசை இரண்டரை அடிக்கு ஒன்றரை அடி. அதில் மானிட்டர், கீபோர்டு, லேசர் பிரிண்டர், அப்பாவின் ஃபைல் கட்டு, வருபவர்கள் கொண்டுவரும் ஜெராக்ஸ் தாள்கள். பழைய டவர் தரையில் நின்றது. பெருக்கும்போது தூசி உள்ளே போகும், துடைக்கும்போது ஈரம் படும். ஒருமுறை திறந்து பார்த்தபோது எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் பல்லி முட்டை இரண்டு இருந்தன.

பழையதையே சரிசெய்ய முடியுமா என்றுதான் முதலில் பார்த்தேன். புளோயரால் ஊதி, பிராசசருக்குப் புதுத் தெர்மல் பேஸ்ட் வைத்து, எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன். சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. தவிர, அது 3ஆம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் 8ஆம் தலைமுறைக்குக் கீழே, ஒருசில விதிவிலக்குகள் தவிர, எதையும் அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. அதில் இதற்கு மேல் பணம் போட மனம் வரவில்லை.

என்ன வாங்குவது?

சென்னை ரிச்சி தெருவில் அலுவலகங்களிலிருந்து வந்த கைக்கடக்கமான பழைய மினி கணினிகள் நிறையக் கிடைக்கின்றன. 8ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து எனக்கு 15,000 முதல் 18,000 வரை சொன்னார்கள். காதுப் பிரச்சினை இல்லாத அப்பா, அம்மாவுக்கு என்றால் நான் அதைத்தான் வாங்கிக் கொடுத்திருப்பேன், யார் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஒரு சின்னக் காற்றாடி இருக்கும். சின்னக் காற்றாடி வேகமாகச் சுற்றியாக வேண்டும், அதனால் சத்தமும் கீச்சென்று மெல்லிசாக இருக்கும். தூசி அடைத்தால் இன்னும் மோசம். லேப்டாப்பும் யோசித்தேன். திரை தாழ்வாக இருப்பதால் கழுத்து வலிக்கும், டைப்ரைட்டரில் பழகிய கைக்கு அந்தத் தட்டைச் சாவிகள் சரிப்படாது.

கடைசியில் இன்டெல் என்100 பிராசசர் போர்டிலேயே பதிந்து வரும் ஒரு மதர்போர்டை எடுத்தேன், ஆஸ்ராக் என்100டிசி-ஐடிஎக்ஸ். நாலு கோர், அடிப்படை மின்அளவு 6 வாட். போர்டு 17 செ.மீ.க்கு 17 செ.மீ., மினி ஐடிஎக்ஸ் என்கிற அளவு. மேலே சூட்டை வெளியேற்ற ஒரு அலுமினியத் துடுப்பு ஹீட்சிங்க் மட்டும்தான், காற்றாடி கிடையாது. இதில் எனக்குப் பிடித்தது, எஸ்எம்பிஎஸ்ஸே வேண்டாம் என்பது. லேப்டாப் போல 19 வோல்ட் அடாப்டரை நேராகப் போர்டின் பின்னால் சொருகிக்கொள்ளலாம். டெஸ்க்டாப்புக்கான சாதாரண டிடிஆர்4 ரேமே ஏற்கும்.

ஆன செலவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போர்டு 11,800. 16 ஜிபி ரேம் ஒரே குச்சியாக 3,100. 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 2,900. அடாப்டர் இரண்டு வாங்கினேன், 650 ஒன்று, 900 ஒன்று. ஏன் இரண்டு என்பது பின்னால் வரும். அலுமினியத் தகடும் பட்டறைக் கூலியும் 700. ஸ்க்ரூ, ஸ்பேசர், சுவிட்ச் வகையறா 250. தச்சருக்கு 300. இதுவரை 20,600. 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் 8,200, கீபோர்டும் மௌஸும் 1,300. ஆக மொத்தம் 30,100 ரூபாய். ரேம் 8 ஜிபி போதும், அதில் ஆயிரத்துக்கு மேல் மிச்சம் பிடித்திருக்கலாம்.

பெட்டி

கடையில் ஐடிஎக்ஸ் கேபினெட் கேட்டால் காற்றாடி வைப்பதற்கான பெரிய பெட்டிகளைத்தான் காட்டினார்கள். எனக்கு வேண்டியது உள்ளளவு 20 செ.மீ.க்கு 20, ஆழம் ஆறரை. வீட்டில் பழைய தேக்கு ஜன்னல் கதவு ஒன்று பரணில் கிடந்தது. அதைத் தச்சரிடம் கொடுத்து 12 மி.மீ. கனத்தில் நாலு பலகைகள் அறுத்து வாங்கினேன். அந்தக் கால மரம், இழைத்ததும் உள்ளே தேன் நிறம் அப்படியே இருந்தது. ஒரு முகத்துக்கு 2 மி.மீ. அலுமினியத் தகடு, போர்டு உட்காருவதற்கு. எதிர்முகத்துக்கு 2 மி.மீ. துளை போட்ட ஜாலித் தகடு. பல்லியும் கரப்பானும் நுழையக் கூடாது, காற்று மட்டும் நுழைய வேண்டும் என்பதால் அந்த அளவு.

போர்டைத் தகட்டில் பொருத்தும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மினி ஐடிஎக்ஸ் போர்டின் நாலு துளைகளும் நாலு மூலையில் சதுரமாக இருக்கும் என்று தோன்றும், இருக்காது. கேபிள் சொருகும் பக்கம் ஒரு துளை இரண்டு செ.மீ.க்கு மேல் உள்ளே தள்ளியிருக்கும். அதனால் ஸ்கேல் வைத்து அளப்பதை விட்டுவிட்டு, போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மூடியை வெட்டி, அதன்மேல் போர்டை வைத்து, நாலு துளையிலும் பேனா முனையை விட்டுக் குறித்துக்கொண்டேன். அந்த அட்டையைத் தகட்டில் ஒட்டிச் சென்டர் பஞ்ச்சால் தட்டி, 3.2 மி.மீ. டிரில் பிட்டால் துளைத்தேன். எம்3 பித்தளை ஸ்பேசர், 10 மி.மீ. உயரம். முதல் தடவையிலேயே நாலும் உட்கார்ந்தன. துளை போட்ட பிறகு அலுமினியப் பிசிறைத் துணியால் துடைத்து எடுப்பது முக்கியம், ஒரு சுருள் போர்டுக்கு அடியில் போனாலும் ஷார்ட்தான்.

கேபிள் பக்கத்துப் பலகையில், கேபிள் சொருகும் துளைகளோடு போர்டுடன் வந்த ஐஓ தகட்டுக்காக 158.75 மி.மீ.க்கு 44.45 மி.மீ. அளவில் ஜன்னல் வெட்ட வேண்டும். தச்சர் மிக நேர்த்தியாக வெட்டிக் கொடுத்தார். சேர்த்துப் பார்த்தால் எச்டிஎம்ஐ கேபிள் முழுக்க உள்ளே போகவில்லை. மரம் 12 மி.மீ. கனம், கேபிளின் தலை மரத்தில் இடித்தது. கடையில் வாங்கும் பெட்டிகளில் அந்த இடத்தில் மெல்லிய தகடுதானே இருக்கிறது. அந்தப் பலகையை எடுத்துவிட்டு அதே அளவுக்கு அலுமினியப் பட்டை ஒன்றைப் பட்டறையில் வளைத்து வாங்கிப் போட்டேன். ஆக மூன்று பக்கம் தேக்கு, ஒரு பக்கம் தகடு.

பவர் சுவிட்சுக்குக் காலிங் பெல் சுவிட்சையே வைத்தேன். போர்டில் பவர் பின் இரண்டையும் ஒரு நொடி தொட வைத்து எடுப்பதுதான் அந்த பட்டனின் வேலை. காலிங் பெல் சுவிட்சும் அதையேதான் செய்கிறது, அழுத்தினால் தொடும், விட்டால் விலகும். சின்ன பட்டன் அப்பாவின் விரலுக்குத் தடவித் தேட வேண்டியிருக்கும், இது கண்ணை மூடிக்கொண்டும் அழுத்தலாம். இரண்டு வயர், முனையில் பெண் பின், அவ்வளவுதான்.

முதல் ஓட்டம், சூடு

சென்னையில் வைத்துத்தான் முதலில் ஓட்டினேன். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் 22 போட்டேன், சின்னமன் பதிப்பு. சும்மா இருக்கும்போது 45 டிகிரி. யூட்யூபில் பாட்டு ஓடினால் 55ஐ ஒட்டி. நன்றாகத்தான் இருக்கிறது என்று ஊருக்குக் கொண்டுபோனேன். மே மாதக் குடியாத்தத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு அப்பாவின் அறையில் தெர்மாமீட்டர் 37 காட்டியது. காற்றாடி இல்லாத கணினிக்கு அறையின் சூடுதான் தொடக்கப் புள்ளி, அதற்கு மேல்தான் எல்லாமே ஏறும்.

சோதனைக்கு ஸ்ட்ரெஸ்-என்ஜி என்ற நிரலை நாலு கோரிலும் கால்மணி நேரம் ஓடவிட்டு, சென்சார்ஸ் கட்டளையில் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூசிக்காக ஜாலித் தகட்டின் உள்பக்கம் ஜன்னலுக்குப் போடும் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டியிருந்தேன். பெட்டி படுக்கை வாட்டில் இருந்தது. சூடு ஏறி 94 வரை போனது. என்100க்கு உச்சவரம்பு 105 டிகிரி, அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வரம்புக்குள்தான் என்றாலும் பெட்டியைத் தொட்டால் கை சுட்டது, உள்ளே எஸ்எஸ்டியும் இருக்கிறது.

வலையைப் பிய்த்துவிட்டு ஓட்டினேன், 86. காற்றாடி இருந்தால் வலை வழியாகவும் காற்றை இழுத்துக்கொள்ளும். இங்கே சூடான காற்று தானாக மேலே ஏறினால்தான் உண்டு. அந்த ஏற்றத்துக்குப் பலமே கிடையாது, ஒரு மெல்லிய வலைகூட அதை நிறுத்திவிடும்.

அடுத்து பெட்டியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்தேன். ஹீட்சிங்க் துடுப்புகள் மேலும் கீழுமாக நிற்கும்படி, கேபிள்கள் பக்கவாட்டில் வரும்படி. 79க்கு இறங்கியது. ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைத்த ஏழு டிகிரி. ஆனால் இப்போது உச்சியில் இருப்பது கனமான தேக்குப் பலகை, சூட்டுக் காற்று அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கும். உச்சிப் பலகையிலும் அடிப் பலகையிலும் 10 மி.மீ. துளைகள் இரண்டிரண்டு வரிசை போட்டேன், உள்ளே மிச்சமிருந்த ஜாலித் துண்டைப் பதித்து. அடியில் காற்று நுழைய வழி வேண்டுமே, அதற்கு 15 மி.மீ. உயர ரப்பர் புஷ் நாலு. சோதனையில் 73. உச்சித் துளைக்கு மேல் உள்ளங்கையைப் பிடித்தால் சாதத்தில் எழும்பும் ஆவி போல இதமாக மேலேறுவது தெரிந்தது. அடுப்புக்குப் புகைபோக்கி வைக்கிற அதே வேலைதான்.

போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாசில் ஒரு மாற்றமும் செய்தேன். நீண்ட நேர மின்வரம்பு என்று ஓர் இடம் இருக்கிறது, அதில் 10 வாட் வைத்தேன். கால்மணி நேரம் நாலு கோரையும் கசக்கும் வேலை அப்பாவுக்கு எப்போதுமே வராது, இணையப் பக்கம் திறக்கும் வேகத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பிறகு அதே மத்தியானச் சூட்டில் சோதனை 68ஐத் தாண்டவில்லை. அன்றாட உபயோகத்தில் 50க்கும் 58க்கும் நடுவில் நிற்கிறது.

அடாப்டரின் ரீங்காரம்

இத்தனைக்கும் பிறகு ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது, கணினி அணையவில்லை. பழைய டவர் ஒவ்வொரு தடவையும் இந்த மாறுகிற நொடியில் அணைந்து எழும். புதியது 65 வாட் அடாப்டரிலிருந்து 10 வாட்தான் இழுக்கிறது, அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் அந்த இடைவெளியைத் தாங்கிவிடுகிறது. நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா காதில் கைவைத்துக்கொண்டு "வண்டு கத்துற மாதிரி இருக்கே" என்றார். எனக்கு முதலில் எதுவும் கேட்கவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் காதைக் கொண்டுபோனால் அடாப்டர் ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

எங்கள் இன்வெர்ட்டர் பழையது, சதுர அலை வகை. அதில் ஓடும்போது சீலிங் ஃபேன் உர்ரென்று சத்தம் போடுவதை எல்லோரும் கேட்டிருப்போம். மின்சார வாரியக் கரண்ட் வழவழவென்று ஏறி இறங்கும். சதுர அலையோ சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். அந்த உதறலில் அடாப்டருக்குள் இருக்கும் சில பாகங்கள் அதிர்கின்றன. 650 ரூபாய்க்கு வாங்கிய அடாப்டர் கையில் பிடித்தாலே லேசாக இருந்தது, உள்ளே வடிகட்டுவதற்கான பாகங்களில் சிக்கனம் பிடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வாரியக் கரண்ட் போலவே வழவழவென்று தரும் சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்குவதுதான் முழுத் தீர்வு, ஆனால் அதற்கு இந்தக் கணினியில் பாதிச் செலவு. அதனால் பழைய லேப்டாப் ஒன்றுடன் வந்த அசல் 19 வோல்ட், 65 வாட் அடாப்டரைத் தேடினேன். இங்கே பின் அளவைப் பார்க்க வேண்டும். வெளிவட்டம் 5.5 மி.மீ., உள்துளை 2.5 மி.மீ. இருக்க வேண்டும், நடுவில் பாசிட்டிவ். வெளிவட்டம் அதே 5.5 இருந்து உள்துளை 2.1 ஆக இருக்கும் பின்னும் கடையில் அதே பெட்டியில்தான் கிடக்கும். பார்க்க ஒன்றுபோல இருக்கும், சொருகினால் பாதியில் நிற்கும். கடைக்குப் போகும்போது பழைய அடாப்டரையே எடுத்துக்கொண்டுபோய் ஒத்துப் பார்த்து வாங்கினேன். 900 ரூபாய். கனமாக இருந்தது, இன்வெர்ட்டரில் ஓடும்போதும் அப்பாவுக்குக் கேட்கவில்லை. மேசைக் காலில் அடாப்டரைக் கட்டாமல் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு மரத் துண்டில் தனியாக நிறுத்தினேன், அதிர்வு மேசைக்கு ஏறக் கூடாது என்று.

ஓடுகிறதா, இல்லையா?

நான் யோசித்தே பார்க்காத பிரச்சினை இது. அப்பா பெல் சுவிட்சை அழுத்துவார். எதுவும் கேட்காது. மானிட்டர் விழிக்கச் சில நொடி ஆகும். ஓடவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை அழுத்துவார், கணினி அணைந்துவிடும். மறுபடி அழுத்துவார். அம்மா எனக்கு ஃபோன் செய்து "நீ கொண்டாந்தது சில நாள் வேலை செய்யுது, சில நாள் செய்யல" என்றார். பழைய டவரில் காற்றாடி சுற்ற ஆரம்பிக்கும் சத்தம்தான் 'சரி, எழுந்துவிட்டது' என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சத்தத்தை எடுத்தபோது அந்தத் தகவலையும் சேர்த்து எடுத்துவிட்டோம்.

அதற்கு ஒரு பச்சை எல்இடி. போர்டில் பவர் எல்இடிக்கென்று பின் இருக்கிறது, நான் அதைக் காலியாக விட்டிருந்தேன். 5 மி.மீ. எல்இடி ஒன்றை பெல் சுவிட்சுக்கு நேர் மேலே, விரல் போகும் இடத்திலேயே தெரியும்படி மரத்தில் துளைத்து வைத்தேன். அழுத்திய கணத்தில் எரியும். மின்ட்டில் பவர் பட்டன் அழுத்தினால் உடனே அணைக்காமல் கேட்கும்படியும் மாற்றினேன். அதன் பிறகு அந்த ஃபோன் வரவில்லை. மௌனமான கணினி செய்ய நினைப்பவர்கள் விளக்கை முதலிலேயே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள், அதுவும் முன்பக்கத்தில்.

டைப்ரைட்டர் விரல்கள்

மென்பொருளில் அதிக நேரம் எடுத்தது தமிழ்த் தட்டச்சுதான். அப்பா கற்றது டைப்ரைட்டர் விசைப்பலகை. இடது கைக்கு ய, ள, ன, க, ப என்று போகிற வரிசை. டைப்ரைட்டரில் 'கெ' அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் க. தாளில் கண்ணுக்குத் தெரிகிற வரிசை அது. தமிழ்99ல் க முதலில், எ அப்புறம். தமிழ்99 நல்ல முறைதான், 1999இல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ஏற்றது, நானே அதில்தான் இதை அடிக்கிறேன். ஆனால் ஆயுள் முழுக்க ஒரே வரிசையில் ஓடிய விரல்களை இந்த வயதில் மாற்றச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

லினக்ஸில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் என்ற இரண்டு தொகுப்புகளை நிறுவினால் தமிழுக்கான முறைகளில் டைப்ரைட்டர் என்று ஒன்று தனியாகவே இருக்கிறது. அதை வைத்து, மொழி மாற்ற எஃப்12 சாவி ஒன்றை மட்டும் ஒதுக்கினேன். அப்பா உட்கார்ந்து 'அனுப்புநர்' என்று அடித்தார், கீபோர்டைப் பார்க்காமல். சில குறியீடுகளின் இடம் மட்டும் மாறியிருந்தது. அவற்றை ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்.

அவர் விரலுக்காகச் செய்த மற்ற மாற்றங்கள்: கேப்ஸ் லாக்கை முழுக்க முடக்கினேன், தெரியாமல் பட்டால் எழுத்தெல்லாம் ஷிஃப்ட் எழுத்தாக மாறிவிடும். சாவியைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலும் 'கககக' என்று வராதபடி திரும்ப அடிக்கும் தாமதத்தை நீட்டினேன். ஃபைல்கள் ஒரே கிளிக்கில் திறக்கும். எழுத்தின் அளவு ஒன்றே கால் மடங்கு, மௌஸ் அம்பு பெரியது.

பழைய மனுக்கள் அடுத்த தலைவலி. அவை யுனிகோடில் இல்லை, அலுவலகக் காலத்து வானவில் எழுத்துருவில் அடித்தவை. லிப்ரெ ஆஃபீஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை போலத் தெரிந்தது. பழைய கணினியில் இருந்த எழுத்துரு ஃபைலை எடுத்து இங்கே எழுத்துருக் கோப்புறையில் போட்டதும் தமிழாகப் படிக்க முடிந்தது. படிக்க மட்டும் அது போதும். அடிக்கடி மாதிரியாக வைத்துக்கொள்ளும் மனுக்களை மட்டும் எழுத்துரு மாற்றியில் போட்டு யுனிகோடாக்கினேன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அப்பாவே பிழை பார்த்தார். எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை.

பிரிண்டர் எச்பி லேசர்ஜெட் 1020, ஊரில் பாதி ஜெராக்ஸ் கடையில் இருப்பது. லினக்ஸில் எச்பி பிரிண்டர்களுக்கான எச்பிலிப் என்ற மென்பொருள் தன்னால் கண்டுபிடித்துவிட்டது, ஆனால் பிரிண்ட் வரவில்லை. அந்த மாடல் தன் ஃபர்ம்வேரைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. அதை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் கணினிதான் அனுப்ப வேண்டும். அதற்கு எச்பி-பிளகின் என்ற கட்டளையைக் கொடுத்து எச்பியின் தனி இணைப்பை இறக்க வேண்டும். அது முடிந்ததும் ஓடியது.

தொலைவிலிருந்து பார்த்துக்கொள்ள ரஸ்ட்டெஸ்க் போட்டிருக்கிறேன், ஆனால் தானாகத் தொடங்காது. நான் ஃபோன் செய்து, அப்பாவே திறந்து, எண்ணைச் சொன்னால்தான் நான் நுழைய முடியும். போலீஸ் பேசுகிறோம், வங்கி பேசுகிறோம் என்று வயதானவர்களைக் கணினியில் எதையோ திறக்க வைத்துப் பணத்தைப் பிடுங்குகிற காலம் இது. என் குரல் கேட்காமல் அதைத் திறக்கக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு.

ஒலிக்குத் தனி ஸ்பீக்கர் இல்லை, மானிட்டரிலேயே இருப்பது போதும் என்றாகிவிட்டது. ஹெட்ஃபோனைக் காது மெஷின் மேல் வைத்தால் கீயென்று கத்தும். முகத்துக்கு நேரே, ஒன்றரை அடி தூரத்தில், குறைந்த ஒலியில் வருவதுதான் அப்பாவுக்குத் தெளிவாகக் கேட்கிறது.

மின்சாரம்

பிளக்கில் சொருகும் வாட் மீட்டரில் பார்த்தேன். பெட்டி மட்டும் சும்மா இருக்கும்போது 9 வாட், வீடியோவில் 13, முழு வேகத்தில் 20ஐ ஒட்டி. பழைய டவர் சும்மா இருக்கவே 60. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் தினம் 0.3 யூனிட் மிச்சம். இரண்டு மாத பில்லில் 18 யூனிட். அதனால் போட்ட பணம் திரும்பி வந்துவிடாது என்று தெரியும், ஆனால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அந்த 50 வாட் பெரிய வித்தியாசம். கரண்ட் இல்லாத நேரத்தில் ஃபேனும் கணினியும் சேர்ந்து ஓடுகின்றன.

அடுத்த தடவை மாற்றுவது

பெட்டியை ஆரம்பத்திலிருந்தே நிமிர்ந்து நிற்பதற்கென்று வரைவேன், உச்சியும் அடியும் ஜாலி, பக்கங்கள் மரம். உள்ளளவில் போர்டைச் சுற்றி ஒன்றரை செ.மீ. விட்டது போதவில்லை, ரேமைக் கழற்ற விரல் நுழையவில்லை. மூன்று செ.மீ. விட வேண்டும். கேபிள் பக்கத்துத் தகட்டை அரை செ.மீ. உள்ளே தள்ளி வைப்பேன், கேபிள்கள் சுவரில் முட்டாது. லேன் கேபிளின் சின்னக் கொக்கி இப்போது மேசை விளிம்பைப் பார்த்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, கழற்ற வேண்டுமென்றால் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்த வேண்டியிருக்கிறது.

கோடை முடிந்ததும் திறந்து பார்த்தேன். ஜாலியின் உள்பக்கம் மெல்லிசாகத் தூசி படிந்திருந்தது, துடுப்புகளுக்கு நடுவில் இல்லை. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மூடினேன். பல்லி நுழைந்த அடையாளம் இல்லை. எறும்பு இரண்டு பெல் சுவிட்ச் துளை வழியாக வந்திருக்கின்றன, அங்கே வயரைச் சுற்றி எம்-சீல் அடைக்க வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அதைச் செய்துவிடுவேன்.